கேமரா கோப்பு வகைகள்: எது எதற்கு, எதை அழிக்கக் கூடாது

பூம்பாறையிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். அக்கா மகனுக்குக் குழந்தை வேலப்பர் கோவிலில் காதுகுத்து. சொந்தக்காரர்கள் எடுத்த படங்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆல்பம் போட வந்திருந்தான். "அண்ணே, பாதி தொறக்குது, பாதி தொறக்க மாட்டேங்குது. வைரஸா இருக்குமோ?" என்றான்.

வைரஸ் இல்லை. சித்தப்பா ஐபோனில் எடுத்தது ஹெச்இஐசி. கூட்டாளி கேனன் கேமராவில் எடுத்தது சிஆர்3. மாமாவின் பழைய ஹேண்டிகேம் வீடியோ எம்டிஎஸ். தம்பியின் சொந்த போனில் எடுத்தது மட்டும் ஜேபெக், பெயருக்குப் பின்னால் 'ஜேபிஜி' என்று வரும் வகை. அவன் வீட்டுக் கணினியில் திறந்ததும் அதுதான். போதாதென்று, திறக்காத சிலவற்றின் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு 'ஜேபிஜி' என்று தட்டியும் வைத்திருந்தான்.

கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது இந்தக் குழப்பத்தோடு வருகிறார். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர் மாற்றும் வேலையைப் பார்ப்போம், நிறையப் பேர் செய்வது. காபித்தூள் டப்பாவில் 'மிளகாய்த்தூள்' என்று சீட்டு ஒட்டினால் உள்ளே இருப்பது காரமாகாது. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து வெறும் சீட்டு. மென்பொருள்கள் பலவும் சீட்டோடு நிற்காமல் உள்ளேயும் எட்டிப் பார்க்கும். ஜேபெக் கோப்பு என்றால் அதன் முதல் இரண்டு பைட்டுகள் எஃப்எஃப், டி8 என்றுதான் தொடங்கும். அது இல்லையென்றால் 'கோப்பு பழுது' என்று சொல்லிவிடும். கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பழைய எழுத்தைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். வகையை நிஜமாகவே மாற்ற வேண்டுமென்றால் ஒரு மென்பொருளில் திறந்து, வேறு வகையாகப் புதிதாகச் சேமிக்க வேண்டும்.

சென்சார் தருவது படம் இல்லை

லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சாருக்கு நிறம் தெரியாது. அதன் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும் அளக்கும். நிறம் கிடைப்பதற்காக ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றில் ஒரு வடிகட்டியை வைத்திருக்கிறார்கள். கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நம் கண்ணுக்குப் பச்சையில் கூர்மை அதிகம், அதனால் பச்சைக்கு இரண்டு பங்கு.

ஆக, பட்டனை அழுத்தியதும் கிடைப்பது எண்கள் நிரம்பிய ஒரு பெரிய கட்டம். ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரண்டு நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். வெள்ளை எது என்று முடிவு செய்ய வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அந்த வேலையைக் கேமராவே செய்து முடித்துக் கொடுத்தால் ஜேபெக். எண்களை அப்படியே வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து நாம் செய்தால் ரா.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து ஆட்களுக்கு இதைக் காபியில் சொன்னால் சட்டென்று புரிகிறது. பச்சைக் கொட்டையாக வாங்கி வந்தால் எவ்வளவு வறுப்பது, சிக்கரி சேர்ப்பதா வேண்டாமா, பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எல்லாம் நம் கையில். கடையில் டம்ளரில் வாங்கினால் அந்த நிமிடமே குடிக்கலாம். ஆனால் சர்க்கரை கூடிப்போனால் அதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. ரா என்பது கொட்டை. ஜேபெக் என்பது கலந்து கொடுத்த காபி.

ஜேபெக் எதை விட்டுவிடுகிறது

24 மெகாபிக்சல் படம் ஒன்றை எதையும் குறைக்காமல் வைத்தால் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் கணக்கில் 72 எம்பி வரும். அதே படம் நல்ல தரமான ஜேபெக்காகச் சுமார் 10 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. மீதி எங்கே போனது?

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட குட்டிக் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய மாற்றம் எது, நுணுக்கமான மாற்றம் எது என்று பிரித்து, கண்ணுக்கு எட்டாத நுணுக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடும். வெளிச்ச வேறுபாட்டை விட நிற வேறுபாட்டில் நம் கண் மந்தம் என்பதால் நிறத்தில் இன்னும் தாராளமாகக் குறைக்கும். இப்படிப் பிரிப்பதற்கான கணக்கை 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். 1992இல் வந்த ஜேபெக் தரமும், பின்னால் வந்த வீடியோ முறைகள் பலவும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. இந்தப் பெயர்களைப் படம் எடுக்கப் பழகும் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வேன்.

தூக்கிப் போட்டது போனதுதான். அதனால் ஒரு ஜேபெக்கைத் திறந்து, கொஞ்சம் திருத்தி, அதே பெயரில் சேமித்து, மறுநாள் மறுபடி திறந்து திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். சும்மா திறந்து பார்ப்பதாலோ பென்டிரைவில் நகல் எடுப்பதாலோ எதுவும் குறையாது. திருத்திச் சேமிக்கும்போதுதான் இழப்பு. திருத்தியதை எப்போதும் புதுப் பெயரில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படமும் இப்படிச் சுருக்கப்பட்டுத்தான் போகிறது. ஆல்பத்துக்கு என்று அனுப்பினால் 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அப்போது கோப்பு இருந்தபடியே வந்து சேரும்.

2018இல் நான் இழந்தது

மேல்மலைச் சரிவுகளில் குறிஞ்சி 2018இல் பூத்தது. அதற்கு முன்னால் 2006. மன்னவனூர் போகும் வழியில் ஒரு சரிவில் நாள் முழுக்க நின்று எடுத்தேன். கார்டில் இடம் போதாது என்று பயந்து எல்லாவற்றையும் ஜேபெக்காகவே எடுத்தேன். மேகம் இறங்கி ஏறிக்கொண்டே இருந்த நாள். எது வெள்ளை என்று தானே முடிவு செய்யும்படி கேமராவை விட்டிருந்தேன். கடைக்கு வந்து கணினியில் போட்டால், கண்ணால் பார்த்த ஊதா எங்குமே இல்லை. சில படங்களில் வெறும் நீலம், சில படங்களில் வெளிறிய ரோஜா. ஊதாவைக் கொண்டுவர நிறத்தைத் தள்ளினால் புல் செம்மை ஏறியது. புல்லைச் சரி செய்தால் பூ செத்தது.

கூட வந்த நண்பர் அதே இடத்தில் ரா எடுத்திருந்தார். அவர் கேமராவும் வெள்ளையைத் தப்பாகத்தான் கணித்திருந்தது. ஆனால் ராவில் அந்தக் கணிப்பு வெறும் குறிப்பாகத்தான் கூட வருகிறது. எண்களை அது தொடுவதில்லை. அவர் மென்பொருளில் வெள்ளையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை நகர்த்தினார், குறிஞ்சி திரும்பி வந்தது. அடுத்து அது பூக்க 2030 ஆக வேண்டும்.

மேகம் இறங்கும் ஊரில் ராவுக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. ஜேபெக் ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளில்தான் வைக்கும். ரா 12 பிட் என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384. வெயிலில் நிற்கும் ஒரு ஆளின் படத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தூண் பாறையில் மேகம் பாதி மறைத்து நிற்கும்போது எடுத்துப் பாருங்கள். படம் முழுக்கச் சாம்பல், அதற்குள் மிக மெல்லிய ஏற்ற இறக்கம். 256 படிகளில் ஒரு 40 படிகளுக்குள் மொத்தக் காட்சியும் அடங்கிவிடும். பாறை கொஞ்சம் எடுப்பாகத் தெரியட்டும் என்று அந்த 40ஐ இழுத்து விரித்தால் மூட்டம் பட்டை பட்டையாக உடையும், மொட்டை மாடித் தரையில் மழைத்தண்ணீர் காய்ந்த தடம் மாதிரி. ராவில் அதே மூட்டத்துக்குப் பல நூறு படிகள் இருப்பதால் இழுத்தாலும் மழமழவென்று நிற்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ராவில் எடுக்கச் சொல்ல மாட்டேன். 64 ஜிபி கார்டில் 10 எம்பி ஜேபெக் என்றால் ஆறாயிரத்துக்கு மேல் பிடிக்கும். 28 எம்பி ரா என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம். பள்ளி விளையாட்டு விழா, பந்தி, கூட்டம் இதற்கெல்லாம் ஜேபெக் தாராளமாகப் போதும். திரும்ப வராத காட்சி, வெளிச்சம் ஏமாற்றும் காட்சி என்றால் ரா. எது என்று தெரியாத ஆரம்ப நாட்களில் கேமரா மெனுவில் 'ரா + ஜேபெக்' என்று வைத்து இரண்டையும் எடுங்கள். கார்டு இன்று விலை மலிவு.

ரா கோப்பு திறக்காதபோது

ஜேபெக் ஊருக்கெல்லாம் பொது. ரா அப்படி இல்லை, கம்பெனிக்கு ஒன்று. கேனனில் சிஆர்2, 2018க்குப் பிறகு வந்த மாடல்களில் சிஆர்3. நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ, ஃபுஜிஃபில்மில் ஆர்ஏஎஃப், பானாசோனிக்கில் ஆர்டபிள்யூ2. ஒரே கம்பெனியின் அடுத்த மாடலிலேயே உள்ளமைப்பு மாறலாம். அதனால்தான் புதுக் கேமராவில் எடுத்ததைப் பழைய மென்பொருள் திறக்காது. கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து அலைய வேண்டாம். மென்பொருளைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீரும். கேமரா கம்பெனிகளே தங்கள் ராவைத் திறக்கும் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. டார்க்டேபிள், ராதெரபி, டிஜிகேம் மூன்றும் காசில்லாமல் கிடைப்பவை, பல கம்பெனி ராக்களையும் திறப்பவை. அடோபி 2004இல் டிஎன்ஜி என்று எல்லோருக்கும் பொதுவான ரா வகையை வெளியிட்டது. அவர்களின் இலவச மாற்றி மென்பொருளால் புதுக் கேமராவின் ராவை டிஎன்ஜி ஆக்கினால் பழைய மென்பொருளிலும் பெரும்பாலும் திறந்துவிடும்.

புதிதாக வருபவர்களைக் கலங்கடிக்கும் ஒரு விஷயம்: கேமராத் திரையில் பளிச்சென்று இருந்த ரா படம் கணினியில் திறந்ததும் ஒரு நொடி பளிச்சென்று தெரிந்து, அடுத்த நொடி மங்கிவிடும். பயப்படாதீர்கள். ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் முன்னோட்டத்துக்காக ஒரு குட்டி ஜேபெக்கைக் கேமரா வைத்து அனுப்புகிறது. முதலில் தெரிந்தது அது. பிறகு தெரிவது மென்பொருள் தன் கணக்கில் பக்குவம் செய்தது. அங்கிருந்துதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

இன்னொன்று. ராவில் நீங்கள் செய்யும் திருத்தம் எதுவும் பொதுவாக அந்தக் கோப்புக்குள் போவதில்லை. 'வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்தப் பக்கத்தை வெட்டு' என்ற குறிப்புகளாக மென்பொருளின் கணக்குப் புத்தகத்திலோ, எக்ஸ்எம்பி என்ற குட்டிக் கோப்பிலோ தனியாக இருக்கும். ராவை மட்டும் நகல் எடுத்து அந்தக் குட்டிக் கோப்பை விட்டுவிட்டால் இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை அதோடு சேர்ந்து வராது. பிரிண்ட் போடக் கடைக்குக் கொடுக்கும்போது ராவைக் கொடுக்காமல், திருத்தம் முடித்து ஜேபெக்காக வெளியே எடுத்துக் கொடுங்கள்.

ஐபோன் படமும் மற்றவையும்

ஹெச்இஐசி என்பது ஜேபெக்குக்குப் பின்னால் வந்த தலைமுறை. 2015இல் தரமாக முடிவானது, 2017இல் ஆப்பிள் தன் போன்களில் கொண்டுவந்தது. ஹெச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையைத்தான் அசையாப் படத்துக்கும் பயன்படுத்துகிறது. ஏறக்குறைய அதே தரத்தை ஜேபெக்கின் பாதி இடத்தில் வைத்துவிடும். படமாக நல்ல படம்தான். பழைய விண்டோஸ் கணினிக்கு அதைப் படிக்கத் தெரியாது, கூடுதல் துணைமென்பொருள் போட வேண்டும். ஊரில் பலருக்கும் படம் கொடுக்க வேண்டியவர் என்றால் ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மேட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்துவிடுங்கள்; அதற்குப் பிறகு எடுப்பது ஜேபெக்காக வரும்.

பிஎன்ஜி இழப்பில்லாதது, எழுத்து, கோட்டுப் படம், ஸ்கிரீன்ஷாட்டுக்கு உகந்தது. புகைப்படத்துக்கு வீணாக இடம் அடைக்கும். டிஃப் 1986இலிருந்து அச்சுத் தொழிலில் புழங்குகிறது, 16 பிட்டும் தாங்கும். பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்தால் டிஃப் ஆக ஒரு பிரதி வையுங்கள்.

ஸ்கேன் என்றதும் நம் ஊர் சூரிய ஆய்வகத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1904 முதல் சூரியனைப் படமெடுத்து, கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றை டிஜிட்டலாக்கியபோது 4,096க்கு 4,096 புள்ளிகள், 16 பிட் என்ற அளவில் எடுத்தார்கள். 16 பிட் என்றால் 65,536 படிகள். வைத்தது வானியலாளர்களின் ஃபிட்ஸ் என்ற வகையில். நூறு வருஷத்துக்கு முந்தைய கரும்புள்ளியின் ஓரத்தை இன்னொருவர் அளந்து பார்க்க வேண்டும். ஜேபெக் விட்டுவிடும் அந்த நுணுக்கத்தில்தான் அவருடைய வேலையே இருக்கிறது.

படக் கோப்புகளோடு எக்ஸிஃப் என்ற குறிப்பும் ஒட்டிக்கொண்டு வரும்: எந்த நேரம், என்ன லென்ஸ், போனாக இருந்தால் எந்த இடம் என்பது வரை. காட்டில் அரிய ஆர்க்கிட்டையோ பறவைக் கூட்டையோ எடுத்தால் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் பகிருங்கள். நம் மலையில் செடியைப் பிடுங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வீடியோ: பாத்திரம் வேறு, பண்டம் வேறு

எம்பி4, மூவ், ஏவிஐ, எம்டிஎஸ், எம்கேவி இவையெல்லாம் பாத்திரங்கள். உள்ளே படம், ஒலி, சில நேரம் எழுத்து என்று தனித்தனியாக இருக்கும். அந்தப் படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறது என்பது வேறு விஷயம். அதற்குக் கோடெக் என்று பெயர். 2003இல் வந்த ஹெச்.264 கிட்டத்தட்ட எங்கும் ஓடும். 2013இல் வந்த ஹெச்.265 இன்னும் சிறியதாக்கும், ஆனால் பழைய கணினி திணறும். 'எம்பி4தான், ஆனா ஓட மாட்டேங்குது' என்பதன் விளக்கம் இதுதான். பாத்திரம் பழகியது, பண்டம் புதுசு. விஎல்சி பிளேயர் போட்டுப் பாருங்கள். அது இலவசம், பெரும்பாலான பண்டங்களைத் தெரிந்து வைத்திருக்கிறது.

சுருக்காமல் வீடியோ வைப்பது நமக்குக் கட்டுப்படியாகாது. 4கே படம் ஒன்றில் 3,840க்கு 2,160 புள்ளிகள், ஏறக்குறைய 25 எம்பி. நொடிக்கு 30 படம் என்றால் நொடிக்கே 750 எம்பி வரை போகும். கேமரா அதை நொடிக்கு 12 எம்பி அளவில் எழுதுகிறது. எப்படி? ஒரு படத்தை முழுதாக வைத்துவிட்டு, அடுத்து வரும் படங்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஸ்டாண்டில் கேமராவை வைத்து ஏரியில் தூரத்துப் படகு ஒன்றை எடுத்தால் மாறுவது கொஞ்சம், படம் அழகாக வரும். வெள்ளி அருவியைப் பக்கத்தில் நின்று எடுத்தால் திரை முழுக்க ஒவ்வொரு நொடியும் புதுசு. குறிப்பதற்கு ஒதுக்கிய இடம் போதாமல் தண்ணீர் கட்டம் கட்டமாகச் சிதறும். கேமரா மெனுவில் பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் இடம், கூட்டும் வசதி இருந்தால் அருவி, மழை, காற்றில் ஆடும் மரம் இதற்கெல்லாம் கூட்டி வையுங்கள்.

நீளமாக எடுத்த வீடியோ தானாக இரண்டு மூன்று துண்டாகியிருந்தால் அது பழைய கார்டு முறையின் அளவுக்கட்டுப்பாடு. ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் கேமரா வெட்டி வெட்டி எழுதும். துண்டுகளை வரிசையாக ஒட்டிக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் எங்கள் ஊரில் அடிக்கடி நடப்பது: அதிகாலைக் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கி, பதிவு நடுவில் கேமரா அணைந்துவிடும். எம்பி4, மூவ் கோப்புகளில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலான கேமராக்கள் கடைசியில்தான் எழுதும். அணைந்தால் அட்டவணை இல்லை, கோப்பு திறக்காது. படம் உள்ளேதான் இருக்கிறது. அந்தக் கார்டில் வேறெதுவும் எடுக்காமல், சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு அதே கேமராவைத் திறந்து பாருங்கள். சில கேமராக்கள் தாமே சரி செய்யவா என்று கேட்கும். கேட்காவிட்டால் மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். குளிருக்கு இன்னொரு பேட்டரியைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருப்பது நல்லது.

பூம்பாறைத் தம்பியின் மாமா வைத்திருந்தது 2006இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஹெச்டி முறை. எம்டிஎஸ் என்ற அந்தப் பாத்திரத்துக்குள் இருந்தது ஹெச்.264தான். திரும்பச் சுருக்கத் தேவையில்லாமல் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளால் அப்படியே எம்பி4 பாத்திரத்துக்கு மாற்றி ஊற்றினேன். தரம் ஒரு துளி குறையவில்லை, சில நிமிடங்களில் முடிந்தது. பெயர் மாற்றிய கோப்புகளுக்குப் பழைய எழுத்தைத் திருப்பிப் போட்டேன். ஹெச்இஐசி படங்களை ஜேபெக் ஆக்கினேன். சிஆர்3 படங்களில் ஒன்றில், மடியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் முகம் கோவில் இருட்டில் கறுத்திருந்தது. ரா என்பதால் வெளிச்சத்தை ஏற்றியதும் கண்ணீர் நிற்கும் கன்னம் வரை தெரிந்தது. ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அதைத்தான் வைத்தோம்.

எல்லாம் முடிந்ததும், "அப்ப பழசெல்லாம் அழிச்சிரவாண்ணே? பென்டிரைவு நெறஞ்சு கெடக்கு" என்றான். அழிக்காதே என்றேன். ஹெச்இஐசி, சிஆர்3, எம்டிஎஸ் மூன்றையும் வந்தபடியே, ஒரு எழுத்து மாறாமல், இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றினோம். ஒன்று அவன் வீட்டு அலமாரிக்கு, இன்னொன்று வத்தலக்குண்டில் இருக்கும் அவன் அக்கா வீட்டுக்கு.